போல்ட்-ஆன் நெக் கெட்டுப்போனால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

"நெக் போயிடுச்சு, புதுசு மாத்தணும்" என்று சொல்லி என் மேசைக்கு வரும் எலக்ட்ரிக் கிட்டார்களில் பலவற்றுக்குப் புது நெக்கே தேவைப்படாது. ஒரு ஸ்க்ரூவை முடுக்குவது, டிரஸ் ராடில் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் எஃகுத் தண்டு) ஒரு கால் சுற்று, கொஞ்சம் பசை, அதோடு வேலை முடிந்துவிடும். இன்னொரு ரகம் இருக்கிறது. ஆன்லைனில் படம் பார்த்து நெக் வாங்கி, தானே பொருத்தி, அப்புறம் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) ஏறிக்கிடக்கிறது, சுருதி சேரவில்லை, ஓரக் கம்பி நழுவுகிறது என்று வருபவை. இரண்டு ரகத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கிட்டாரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

பாடியின் பின்பக்கம் ஸ்க்ரூ போட்டு நெக்கை முடுக்கியிருக்கும் கிட்டார்களுக்கு மட்டும்தான் இது: ஃபெண்டரின் ஸ்ட்ராட், டெலி, அவற்றின் நகல்கள், பெரும்பாலான ஐபனேஸ், யமஹா பசிஃபிகா. லெஸ் பால் மாதிரி பசை போட்டு ஒட்டிய நெக் என்றால் இதைப் படித்துவிட்டுக் கை வைக்க வேண்டாம். லியோ ஃபெண்டர் 1950-ல் தன் முதல் கிட்டார்களைக் கொண்டுவந்தபோதே நெக்கைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு பாகமாகத்தான் வடிவமைத்தார். அதனால் வேலை கடினமில்லை, ஆனால் அரை மி.மீ. பிசகினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

தேவைப்படும் சாமான்கள்: 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ செட், ஒரு அடி எஃகு ஸ்கேல், வெர்னியர், பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று. டிரில் மெஷினை ஓட்டை போட மட்டும் எடுங்கள். நெக் ஸ்க்ரூவை ஒருபோதும் அதில் முடுக்காதீர்கள்.

## முதலில்: பழைய நெக் நிஜமாகவே போய்விட்டதா?

### கம்பி நடுவில் தூக்கிக்கிடக்கிறது, அல்லது முதல் சில ஃப்ரெட்டில் இரைகிறது

தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்களுக்கு நேர்கோடு. 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும்.

இடைவெளி கூடுதல் என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று முடுக்கி, திரும்பச் சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஒட்டிக்கொண்டால் பின்னால் வளைந்திருக்கிறது, அதற்கு இடப்பக்கமாகக் கால் சுற்று. பருவம் மாறும்போது நெக் இப்படி அசைவது இயல்புதான். ஏசி அறையிலேயே கிடந்த கிட்டாரை அடைமழை நாளில் கச்சேரிக்கு எடுத்துப் போனால் அதுவும் இதைத்தான் காட்டும். இதற்கெல்லாம் யாரும் நெக் மாற்றுவதில்லை.

ராட் திரும்ப மறுக்கிறதா? பலத்தைக் காட்டாதீர்கள். ஆலன் கீ சரியான அளவுதானா என்று முதலில் பாருங்கள். அங்குல அளவில் செய்த ராட் நட்டுக்குள் கிட்டத்தட்ட பொருந்தும் மி.மீ. கீயைப் போட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் அறுகோணம் வழுவழுவென்று ஆகிவிடும், அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. ஹீல் (பாடிக்குள் உட்காரும் நெக்கின் முனை) பக்கம் ராட் நட் இருக்கும் பழைய பாணி நெக்கில் நட்டை முழுதாகக் கழற்றி, மரையில் ஒரு சின்ன வாஷர் போட்டு மறுபடி முடுக்கினால், முடிந்துபோனதாகத் தெரிந்த ராடில் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கிடைப்பதுண்டு. அதுவும் முடிந்து, நெக் இன்னும் நேராகவில்லை என்றாலோ, நட் பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றினாலோ, ஒரு லூதியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) காட்டுங்கள். ராடை மாற்ற ஃப்ரெட்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த கிட்டாரில் அந்தக் கூலிக்குப் புது நெக்கே வந்துவிடும். நெக் மாற்றுவதற்கு நியாயமான முதல் காரணம் இதுதான்.

### நெக்கை ஆட்டினால் 'டக்' என்கிறது, பக்கவாட்டில் நகர்கிறது

ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு நாலையும் கையால் முடுக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஒரு ஸ்க்ரூ எவ்வளவு திருப்பினாலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், நெக் மரத்தில் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு மேடை ஏற வேண்டும் என்றால் ஃபெவிகால் தொட்ட பல்குச்சி இரண்டு மூன்றை உள்ளே செருகி ஒரு இரவு காயவிட்டு முடுக்கலாம், தாங்கும். ஆனால் அது நிரந்தரமில்லை. நிரந்தரமாகச் செய்ய அந்த ஓட்டையை 8 மி.மீ.-க்குப் பெரிதாக்கி, பீச் போன்ற கடின மரத்தில் செய்த உருளைக் குச்சியைப் பசையோடு இறக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மட்டமாகச் சீவி, புதிதாக ஓட்டை போட வேண்டும். நல்ல கையாக இருந்தால் தெருமுனை ஆசாரியே இதைச் செய்துவிடுவார். ஓட்டை செங்குத்தாக இறங்க வேண்டும், ஃப்ரெட்போர்டைத் துளைத்துவிடக் கூடாது, இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

கடற்கரை ஊர்களில் ஸ்க்ரூ உள்ளேயே துருப்பிடித்து, கழற்றும்போது தலை முறிந்து வரும். மிச்சத்தை எடுக்கக் குழல் வடிவ பிட் வேண்டும், அது லூதியர் வேலை. கட்டிங் பிளையரால் சுரண்டிச் சுரண்டி ஹீலைக் குழி ஆக்கியபின் கொண்டுவந்தால் இருமடங்கு செலவு.

### விரிசல் தெரிகிறது

நகத்தால் தடவிப் பாருங்கள். நெக் பாக்கெட்டின் (பாடியில் நெக் உட்காரும் குழி) மூலையிலிருந்து பாடியில் ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் பெயின்ட்டில் மட்டும் விழுந்தது, விட்டுவிடலாம். ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் கோடு இருந்தால், கம்பியைத் தளர்த்தி, அந்த இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கோடு திறந்து மூடினால் மரமே விரிந்திருக்கிறது. அதற்கும் நெக் மாற்ற வேண்டியதில்லை. இழைகள் நீளமாகக் கிழிந்து, இரண்டு பக்கமும் அழகாக வாய் சேர்கிறது என்றால், நல்ல மரப்பசை ஊட்டி கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் ஒட்டு அசையாது. குறுக்காக முறிந்து சில்லுகள் தொலைந்துபோனதும், ஹீலில் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மரம் பிளந்ததும்தான் நெக்கை மாற்ற வேண்டிய கேஸ்.

### நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது

முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு ஸ்கேல், கடைசி ஃப்ரெட்டின் மேல் இன்னொரு ஸ்கேல், இரண்டையும் குறுக்காக வைத்து ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு விளிம்பும் இணையாக இல்லாமல் ஒன்று சாய்ந்திருந்தால் முறுக்கு. டிரஸ் ராட் இதைச் சரிசெய்யாது. லேசான முறுக்கை ஃப்ரெட் ராவி ஒரு லூதியர் சமாளித்துவிடுவார், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முறுக்கு என்றால் நெக்கை மாற்றிவிடுங்கள்.

ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, நட் (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு, ராட் நட் அல்ல) உடைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் நெக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புது நெக்கிலும் ஃப்ரெட் ராவ வேண்டும், நட் வெட்ட வேண்டும். அதே வேலையைப் பழைய நெக்கிலேயே செய்துகொள்ளுங்கள்.

## வாங்கும் முன் அளந்தே ஆக வேண்டியவை

இங்கே அவசரப்படுபவர்கள்தான் அடுத்த பகுதியில் சொல்லும் தொந்தரவெல்லாம் படுகிறார்கள். பழைய நெக்கைக் கழற்றி மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஹீலின் அகலம்: ஃபெண்டர் வகையில் ஏறக்குறைய 56 மி.மீ. பாக்கெட்டின் ஆழம் சுமார் 16 மி.மீ., ஃப்ரெட்போர்டோடு சேர்த்து ஹீலின் கனம் சுமார் 25 மி.மீ. ஹீலின் முனை வளைவா, சதுரமா? ஸ்ட்ராட் நெக் வளைவு, டெலி நெக் சதுரம். ஸ்ட்ராட் நெக்கை டெலி பாடியில் உட்காரவைத்தால் மூலையில் சின்ன இடைவெளி தெரியும், வேலை செய்யும். டெலி நெக் ஸ்ட்ராட் பாக்கெட்டுக்குள் போகவே போகாது. ஐபனேஸ் பாக்கெட் தனி அளவு, அங்கே ஃபெண்டர் நெக் உட்காராது.

ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்): நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டின் நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டர் வகையில் 324 மி.மீ. வரும், ஆக 648. கிப்சன் வகை 628. ஃபெண்டர் பாடிக்கென்றே 628 ஸ்கேலில் செய்யும் மாற்று நெக்குகளும் கிடைக்கின்றன, வார்மோத் நிறுவனம் அப்படிச் செய்கிறது. அவை தனியாகக் கணக்குப் போட்டுச் செய்தவை. கண்ட கிப்சன் அளவு நெக்கையும் அதோடு சேர்த்து நினைத்துவிடாதீர்கள்.

ட்யூனர் ஓட்டை: இப்போதைய ட்யூனர்களுக்கு 10 மி.மீ. அளவு, பழைய பாணி ட்யூனர்களுக்கு அதைவிடச் சிறியது. நட் அகலம் 42-ஆ 43-ஆ என்று பாருங்கள். ஃப்ரெட்போர்டின் வளைவையும் கேளுங்கள், 7.25 அங்குல வளைவில் பழகிய கைக்கு 12 அங்குலம் அந்நியமாக இருக்கும், சேடல் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) உயரங்களையும் மாற்ற வேண்டிவரும். 22 ஃப்ரெட் நெக்கில் ஃப்ரெட்போர்டு ஹீலைத் தாண்டி நீண்டிருக்கும். ஸ்கேல் கெடாது, ஆனால் பிக்கார்டில் இடிக்கலாம்.

ஸ்க்ரூ ஓட்டைகள் முன்பே போட்ட நெக் வேண்டுமா, ஓட்டை இல்லாததா? ஃபெண்டரின் சொந்த பாடி என்றால் மட்டும் ஓட்டை உள்ளதை வாங்குங்கள். நகல் கிட்டார்களில் நாலு ஓட்டையின் இடம் ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. அங்குமிங்கும் இருக்கும், அதற்கு ஓட்டை இல்லாத நெக்தான் நல்லது.

## புது நெக் பொருத்தியபின் வரும் தொல்லைகள்

### பாக்கெட்டுக்குள் இறங்கவில்லை

சுத்தியல் எடுக்காதீர்கள், பாக்கெட்டின் மெல்லிய காது உடைந்துவிடும். உள்ளே பழைய ஷிம் (நெக்கின் கோணத்தை மாற்ற வைக்கும் மெல்லிய துண்டு) காகிதம், மரத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்சுவரில் திட்டாகப் படிந்த பெயின்ட்டை 180 நம்பர் உப்புத்தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றித் தேய்த்து எடுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் மட்டும் ஹீலின் இரண்டு பக்கத்தையும் சமமாக, நாலு தேய்ப்புக்கு ஒரு முறை வைத்துப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். கையால் அழுத்தினால் உள்ளே போய், பாடியைத் தூக்கினால் நெக் தானாக விழாமல் நிற்க வேண்டும். அகலமே 2 மி.மீ. அதிகம் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

### ஸ்க்ரூ முழுசாக முடுக்கியும் ஹீலுக்கும் பாடிக்கும் நடுவே காகிதம் நுழைகிறது

அடிக்கடி பார்ப்பது இது, பலருக்குக் காரணம் பிடிபடாது. ஸ்க்ரூ பாடி மரத்தில் பிடிக்கக் கூடாது, நெக் மரத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியின் ஓட்டையிலும் மரை பிடித்துக்கொண்டால், ஸ்க்ரூ இரண்டு மரத்தையும் அந்த இடைவெளியோடேயே பூட்டிவைத்துவிடும், நெக்கை உள்ளே இழுக்காது. ஸ்க்ரூவைத் தனியாகப் பாடியின் ஓட்டையில் போட்டுப் பாருங்கள், தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் பாடியின் ஓட்டையை 5 மி.மீ. பிட்டால் திறந்துவிடுங்கள். நெக்கில் கை வைக்காதீர்கள்.

### ஸ்க்ரூ ஏறவே மறுக்கிறது, தலை வழுக்குகிறது

நெக்கில் ஓட்டை சின்னது. ஃபெண்டர் வகை ஸ்க்ரூ 4.2 மி.மீ. தடிமன், சுமார் 45 மி.மீ. நீளம். மேப்பிள் கட்டியான மரம், அதற்கு 3.2 மி.மீ. வழியோட்டை வேண்டும்.

ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடியின் கனம் 44, பாக்கெட் ஆழம் 16, கீழே மிச்ச மரம் 28, பின்தகடு 2. ஆக 45 மி.மீ. ஸ்க்ரூவில் 15 மி.மீ. நெக்குக்குள் போகும். ஹீலின் கனம் 25, பாதுகாப்பான தூரம். ஆனால் 40 மி.மீ. கனமுள்ள மெல்லிய பாடியில் அதே ஸ்க்ரூ 19 மி.மீ. உள்ளே போய் ஃப்ரெட்போர்டின் அடியைத் தொட்டுவிடும். அங்கே ஸ்க்ரூவைக் குட்டையாக மாற்றுங்கள். டிரில் பிட்டில் உங்கள் கணக்குப்படி ஒரு டேப்பைச் சுற்றி, டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். முன்பே மரை விழுந்த ஓட்டையில் திரும்பப் போடும்போது, முதலில் ஸ்க்ரூவை இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். பழைய மரை தொடங்கும் இடம் அது, அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெயாகப் போகும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டிக்கொண்டே போனால் மரம் சீக்கிரம் நொய்ந்துபோகும்.

### ஓரக் கம்பி ஃப்ரெட்போர்டிலிருந்து நழுவுகிறது

ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் நெக் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, பாடியை மடியில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் கம்பி ஓரத்தை ஒட்டியிருக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாக ஹெட்ஸ்டாக்கைத் தள்ளுங்கள். 'கிரிக்' என்று ஒரு சத்தம் வரும். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஈ கம்பிக்கும் வெளியே சம இடம் விழுந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு முடுக்குங்கள்.

அசையவே இல்லை என்றால் ஓட்டைகள் தப்பான இடத்தில் விழுந்திருக்கின்றன. நாலையும் அடைத்துப் புதிதாகப் போட வேண்டும். அப்போது இரண்டு ஓரக் கம்பிகளையும் (கம்பி இல்லாவிட்டால் தைக்கும் நூல் போதும்) சேடலிலிருந்து நட் பள்ளம் வரை இழுத்துக் கட்டி, இடம் சமமாக விழும்படி நெக்கை வைத்து கிளாம்ப் போட்டு, பாடியின் ஓட்டை வழியாகவே ஹீலில் அடையாளம் வையுங்கள். 1971 முதல் வந்த மூன்று ஸ்க்ரூ ஸ்ட்ராட்களில் இந்தப் பக்கவாட்டு நகர்வுக்குக் கெட்ட பெயரே உண்டு. அங்கே பாக்கெட் தளர்வாக இருந்தால் பக்கச் சுவரில் மெல்லிய மரச்சீவல் ஒட்டுவதுதான் வழி.

### சேடலை முழுதாக இறக்கியும் ஆக்‌ஷன் உயரம்

முதலில் டிரஸ் ராடைப் பாருங்கள், மேலே சொன்ன அளவில் இருக்கிறதா? இருந்தால், நெக்கின் கோணத்தை மாற்ற வேண்டும். பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கத்து முனையில் 0.5 மி.மீ. ஷிம் வைத்தால், நெக் பின்னால் சாய்ந்து, அதே ஆக்‌ஷனுக்குச் சேடலை ஒன்றரை மி.மீ.-க்கு மேல் உயர்த்திக்கொள்ளலாம். அவ்வளவு சின்னத் துண்டுக்கு அவ்வளவு விளைவு, அதனால் விசிட்டிங் கார்டு கனத்திலிருந்து தொடங்குங்கள். வெறும் முனையில் மட்டும் துண்டு வைப்பதைவிட, பாக்கெட் முழுக்க வரும் சரிவான மரச்சீவல் எனக்குப் பிடிக்கும், ஹீல் முழுதும் மரத்தோடு மரமாக உட்காரும். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 2 மி.மீ., மெல்லியது 1.6 மி.மீ. என்று வந்தால் பெரும்பாலான கைகளுக்குப் போதும்.

மாறாக, சேடலை உச்சிக்கு ஏற்றியும் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கொண்டால், பாக்கெட்டில் ஏற்கெனவே இருந்த ஷிம்மை எடுத்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் எதிர் முனையில், அதாவது நட் பக்கத்தில் வையுங்கள்.

### 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி சேரவில்லை

பழைய கம்பியை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறியிருந்தால் சேடலைப் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். சேடலை முன்னால் கடைசி வரை தள்ளியும் சுருதி இறங்கியே இருந்தால், நெக் பாக்கெட்டின் அடிவரை போய் உட்காரவில்லை, முனையில் இடைவெளி பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஸ்கேல் அளவே வேறு. அந்த நெக் அந்தக் கிட்டாருக்கு ஆகாது.

முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறினால் நட் உயரம். கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள், ஒரு தலைமயிர் அளவு இடைவெளி போதும். நட் பள்ளத்தை வெட்ட ஒவ்வொரு கம்பிக்கும் தனி அரம் வேண்டும், கொஞ்சம் அதிகம் வெட்டினால் புது நட்தான். அரம் இல்லாதவர்கள் இதை லூதியரிடம் விட்டுவிடுங்கள்.

### ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைகிறது

ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் நிற்கவையுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. சில சமயம் ஃப்ரெட் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் இருக்கும், மேலே ஒரு மரத்துண்டு வைத்து லேசாகத் தட்டினால் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஃப்ரெட் ராவ வேண்டும். விலை குறைந்த புது நெக்குகளில் இந்தச் செலவு பெரும்பாலும் வரும், வாங்கும்போதே அதையும் நெக்கின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு மூன்று நாள் முழுச் சுருதியில் விட்டுவையுங்கள். புது நெக் கம்பியின் இழுப்புக்கு அசைந்து கொடுக்கும். அப்புறம் 7-ஆம் ஃப்ரெட் இடைவெளியை மறுபடி அளந்து, தேவையென்றால் டிரஸ் ராடில் கால் சுற்று, கடைசியாக ஒரு முறை 12-ஆம் ஃப்ரெட் சுருதியைச் சேடலில் சரிசெய்துவிட்டு வாசிக்க எடுங்கள்.